கிதாருக்கும் ஒரு பாடு வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

நம் பள்ளியின் இசை அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. விளையாட்டு விழாக்களில் பெற்ற கோப்பைகளுக்குப் பக்கத்தில் அதனுள்ளே ஒரு கிதார் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு தந்திகள் பூட்டிய புதுக் கிதார். பள்ளிக்கு வருகின்ற விருந்தினர் எவரும் அதைப் பார்த்து, "அழகாக இருக்கிறதே!" என்று சொல்லாமல் போவதில்லை. அழகுதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அன்புத் தோழியரே, பார்த்து மகிழ்வதற்காகவா நாம் அதை வாங்கினோம்?

யாரையும் குறை கூறும் நோக்கத்தோடு இக்கேள்வியை நாங்கள் எழுப்பவில்லை. இன்னும் சில நாட்களில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு இப்பள்ளியை விட்டுச் செல்லவிருக்கிறோம். செல்வதற்கு முன் எங்கள் மனத்தில் உள்ளதை அருட்சகோதரியர் முன்னும், பெற்றோர் முன்னும், தங்கையர் முன்னும் பணிவோடு வைத்துவிட்டுப் போக விரும்புகிறோம்.

பாடகர் குழுவின் பழைய ஆறு தந்திக் கிதார் கழுத்து வளைந்து உதவாமற் போனதும், புதிய கருவி ஒன்று வாங்குவதென முடிவாயிற்று. பணம் எங்கிருந்து வந்தது? ஏலம் முடிந்த கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்கள் தாய்மார் தந்தது கொஞ்சம். கருவாடு விற்ற காசு கொஞ்சம். பழைய மாணவியர் அனுப்பியது கொஞ்சம். சிறு துளி பெருவெள்ளம் என்பது வெறும் பழமொழியன்று. அதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

என்ன கருவி வாங்குவது என்பதில் மூன்று கருத்துகள் எழுந்தன. கீபோர்டு வாங்கலாம் என்றனர் சிலர். ஒரு பொத்தானைத் தட்டினால் குழலும் கேட்கும், மேளமும் கேட்கும் என்பது உண்மையே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்று வீசத் தொடங்கினால் நம் ஊரில் மின்சாரம் எத்தனை நேரம் நிற்கும் என்பதை நாம் அறியோமா? ஆர்மோனியமே போதும், அதுதான் நம்முடையது, கிதார் அந்நிய நாட்டுக் கருவி என்றனர் வேறு சிலர். இந்தக் கருத்தைப் பற்றி நாங்கள் சற்று ஆழ்ந்து சிந்தித்தோம்.

ஆர்மோனியம் நம்முடையதா? பிரான்சு நாட்டில் அலெக்சாண்டர் தெபேன் என்பவர் 1842 இல் அப்பெயரில் உரிமை பெற்ற கருவி அது. வயலின் நம்முடையதா? அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அந்நியக் கருவியும் வாசிக்க வாசிக்க நம்முடையதாகிவிடுகிறது. வாசிக்காமல் விட்டால் நம்முடையதும் அந்நியமாகிவிடுகிறது. நெய்தல் நிலத்துக்கு உரியது விளரி யாழ் என்று தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோம். நம் குப்பங்கள் எல்லாம் நெய்தல் நிலந்தானே! எந்தக் குப்பத்திலாவது ஒரு யாழைக் கண்டவர் உண்டா? இருபத்தொரு நரம்புகள் கொண்ட பேரியாழ் வரை பெயரளவில் நமக்குத் தெரியும். அதன் ஓசை எப்படியிருக்கும் என்று நம் காதுக்குத் தெரியாது. விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியதாயிற்று. கை விட்ட கருவியைத் திரும்பப் பெறுவது அத்தனை கடினம்!

மேலும், பழவேற்காட்டில் பிறந்த நாம் கடல் கடந்து வந்ததை எப்படி வெறுக்க முடியும்? போர்த்துக்கீசியர் காலத்தில், 1515 இல் தோன்றியதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயம் இங்கே இருக்கிறது. டச்சுக்காரர் 1613 இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடமும், அவர்களுடைய கல்லறைகளும் இங்கே இருக்கின்றன. வந்தவர் சென்றுவிட்டனர், மாதா நம் மாதாவாகவே இருக்கிறாள்.

ஆலயத்தில் கிதார் தகுமா என்றும் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் குழலிசைப் பேழைக்கு உயர்ந்த இடம் தரப்பட்டிருக்கிறது. அதோடு, திருவழிபாட்டுக்குப் பொருந்துகின்ற மற்றக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்றும் கூறப்பட்டிருக்கிறது. உலகமெங்கும் கிறிஸ்துமஸ் இரவில் பாடப்படும் 'சைலண்ட் நைட்' பாடல் முதன்முதலில் 1818 இல் ஆஸ்திரியாவின் ஓபன்டார்ஃப் ஊர் ஆலயத்தில் பாடப்பட்டபோது, பாடலை எழுதிய குருவானவர் யோசேப்பு மோர் தம் கையில் வைத்திருந்தது கிதார்தான். இதை எங்கள் அருட்சகோதரி எடுத்துச் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டு, "அப்படியானால் வாங்குங்கள்" என்றார்.

கிதார் என்று முடிவானது. ஏன் பன்னிரண்டு தந்தி? நம் சிற்றாலயத்துக்கு இருபுறமும் கதவுகள். ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்போது ஆறு தந்திக் கிதாரின் ஓசையையும் கூடவே அள்ளிக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு தந்திக் கிதாரில் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு இணைகளாக இருக்கின்றன. தடித்த நான்கு இணைகளில் ஒரு தந்தி தாழ்ந்தும், அதன் துணைத் தந்தி அதே சுரத்தில் ஒரு ஸ்தாயி உயர்ந்தும் ஒலிக்கும். மெல்லிய இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஞாயிறு பூசையில் நம் தந்தையர் அடிக்குரலிலும், நாம் மேற்குரலிலும் ஒரே பாட்டைப் பாடும்போது ஆலயம் நிறைகிறதல்லவா? அந்த நிறைவைத்தான் இந்த ஒரு கருவி தருகிறது. ஒலிபெருக்கியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

அருட்சகோதரியும், இசை ஆசிரியரும், எங்களில் இருவரும் பொன்னேரி வரை பேருந்திலும், பின்பு மின்சார இரயிலிலும் சென்னை சென்றோம். கடையில் எங்கள் கண் முதலில் போனது கறுப்பு நிறத்தில் முத்துச்சிப்பி பதித்துப் பளபளத்த ஒரு கிதாரின் மீது. ஆசிரியர் சிரித்தார். "படகு வாங்கப் போனால் உங்கள் அப்பா வண்ணத்தைப் பார்ப்பாரா, அடிப்பாகத்தைப் பார்ப்பாரா?" என்று கேட்டார். அதன் பிறகு நாங்களும் பார்க்க வேண்டியதைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

துடுப்பு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல் கழுத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு தந்திகளின் இழுப்பு ஆறு தந்திக் கிதாரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். கழுத்தில் வலு இல்லையென்றால் ஓராண்டில் வில்லாகிவிடும். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் முகப்புப் பலகை புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் திறந்த தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே பிசகாமல் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒரே மரத்தகட்டால் ஆன முகப்பு இனிமையாக ஒலித்தது. ஆனால் ஈரக்காற்றில் அது எளிதில் விரியும், சுருங்கும் என்றார் ஆசிரியர். பல தகடுகளை ஒட்டிச் செய்த முகப்பு ஒலியில் சற்றுக் குறைந்தாலும் ஈரத்தைத் தாங்கும். ஒரு பக்கம் ஏரியும் மறு பக்கம் கடலும் கொண்ட ஊருக்கு எது ஏற்றது? பளபளப்பில்லாத, கொல்கத்தாவில் செய்யப்பட்ட ஒரு கிதாரைத் தேர்ந்தெடுத்தோம். நகரத்துப் பள்ளி ஒன்று வேறொன்றைத் தேர்ந்திருக்கலாம். நல்ல கருவி என்பது வேறு. நமக்கு நல்ல கருவி என்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

செப்டம்பர் 8 ஆம் நாள், அன்னையின் பிறந்த நாள் திருப்பலியில் அது முதன்முதலாக ஒலித்தது. அந்த ஓசையை எப்படிச் சொல்வது? மாலை வெயிலில் ஏரி நீர் ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் மினுங்குமே, அதற்கு ஓசை இருந்தால் அப்படித்தான் இருக்கும். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற தாய்மார், பாட்டு முடியும்வரை கூடையைத் தூக்கவில்லை.

பிறகு நடந்ததை வருத்தத்தோடு எழுதுகிறோம். அக்டோபர், செபமாலை மாதம். மதிய இடைவேளையில் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கிதாரை எடுத்து மெல்ல மீட்டிக்கொண்டிருந்தாள். 'டங்' என்று ஒரு தந்தி அறுந்து அவள் கையில் கீறியது. அறுந்தது ஒரு தந்தி. அழுதது ஒரு நாள் முழுவதும். மறுநாள் அவள் தாயார் கூடையோடு பள்ளிக்கு வந்து, "எவ்வளவு ஆகும்மா?" என்று கேட்டார். அருட்சகோதரி ஒன்றும் வேண்டாம் என்று அன்போடு அனுப்பிவைத்தார். ஆனால் இனிச் சேதம் வரக்கூடாதே என்ற அக்கறையில் கிதார் அலமாரிக்குள் சென்றது. சாவி அலுவலகத்துக்குச் சென்றது. திருநாட்களுக்கு மட்டும் எடுப்பதென்று முடிவாயிற்று.

இதில் எங்கள் தவறும் உண்டு. பெரிய வகுப்பு என்ற பெருமையில் நாங்களும் அந்தத் தங்கையைக் கடிந்து பேசினோம். பிறகுதான் ஆசிரியர் சொல்லத் தெரிந்துகொண்டோம். கீழிருந்து மூன்றாவது இணையிலுள்ள உயர்ந்த தந்திதான் அக்கருவியிலேயே மிக மெல்லியது, மிக உயர்ந்து ஒலிப்பது. யார் கையில் இருந்தாலும் முதலில் அறுவது பெரும்பாலும் அதுதான். முழுச் சுருதிக்கு அதை முறுக்கி வைத்தது யார்? நாங்கள். அறுந்த நேரத்தில் கையில் வைத்திருந்தது மட்டுமே அவள் செய்த குற்றம். அன்று முதல் அவள் இசை அறைப் பக்கமே வருவதில்லை. ஒரு தந்தியை மாற்றிவிடலாம். அந்த மனத்தை எப்படி மாற்றுவது?

கிறிஸ்துமஸ் வந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்குக் கால் மணி நேரம் முன்பு அலமாரி திறக்கப்பட்டது. இரண்டு மாதம் தொடாத தந்திகளில் துரு ஏறியிருந்தது. பன்னிரண்டும் பன்னிரண்டு திசையில் நின்றன. சுருதி சேர்க்க முயன்றபோது இன்னொரு தந்தியும் போயிற்று. கிதாரை ஓரமாக வைத்துவிட்டு வெறும் குரலில் பாடினோம். பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று எண்ணினோம். உப்புக்காற்றுக்குப் பூட்டு ஏது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அலமாரிக் கிதார் பாட்டுக்கு உதவாது. ஆனாலும், "எல்லாரும் எடுத்தால் உடைத்துவிடுவீர்களே?" என்று பெரியோர் கேட்பது நியாயமான அச்சம். எல்லாருக்கும் பொதுவானது யாருக்கும் சொந்தமில்லாததாகிக் கெட்டுப்போவதை நாமும் பார்த்திருக்கிறோம். ஆகவே வெறுமனே "திறந்துவிடுங்கள்" என்று நாங்கள் கேட்கவில்லை. இதற்கு ஒரு வழி நம் ஏரியிலேயே இருக்கிறது.

அதுதான் பாடு முறை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது நம் ஏரி. என்றாலும் இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வல்லவன் வந்து வளைத்துக்கொண்டால் மற்றவர் அடுப்பு எரியாது. அதனால் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறை வகுத்துக்கொண்டு, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும்படி நம் முன்னோர் செய்தனர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலைக்கு இப்படி ஒரு முறை உண்டு. அதற்கும் பாடு என்றே பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சிலர் இகழ்ந்த மக்கள், ஏரியைப் பூட்டவும் இல்லை, சூறையாட விடவும் இல்லை. முறை வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏரியில் பாடு உரிமை ஆண்களுக்கே வருகிறது. பாடு இல்லாத ஊர்களும் உண்டு. இருளர் குடும்பத்துப் பெண்கள் வலையின்றி, இடுப்பளவு நீரில் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பள்ளியில் ஒரே பெஞ்சியில்தான் அமர்கிறோம். ஆகவே நம் கிதாரின் பாடு, ஏரியின் பாட்டைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். எந்தக் குப்பம், எந்த வகுப்பு, பாடத் தெரியுமா தெரியாதா என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இருக்கட்டும்.

எங்கள் யோசனை இதுவே. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகள்; திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள். பருவந்தோறும் சீட்டுக் குலுக்கி நாள் குறித்துக்கொள்வோம். சனிக்கிழமை பாடகர் குழுவின் பாடு. பாடு முடிந்ததும் அந்த வகுப்பே ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் வைக்க வேண்டும். யார் வாசித்தது, எந்தத் தந்தி எப்படி இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

தந்திகளை முழுச் சுருதிக்கு இழுக்காமல் ஒரு சுரம் தாழ்த்தியே வைப்போம். உயர்த்திப் பாட வேண்டுமானால் இரண்டாம் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிக்கொண்டால் போதும். தந்திக்கும் ஆயுள், கழுத்துக்கும் ஆயுள். மிக முக்கியமானது, தந்தி அறுவது குற்றமாகக் கருதப்படக்கூடாது. கிழியாத வலை உண்டா? வலை கிழிந்தால் மீனவர் வலையைப் பூட்டுவதில்லை, உட்கார்ந்து முடைகிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் சிறு தொகை போட்டு மாற்றுத் தந்திகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவற்றை மாட்டுவதையும், சுருதி சேர்ப்பதையும் மூத்த வகுப்பினர் இளைய வகுப்பினருக்குக் கற்றுத்தர வேண்டும்.

படிப்புக் கெடாதா என்று பெற்றோர் கேட்கலாம். பன்னிரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்க உட்கார்ந்து பாருங்கள். பொறுமை தானாக வரும். இணையில் ஒன்று சற்றே பிசகினாலும் இரண்டும் கெடும். இறால் உரித்த விரலில் தந்தி பட்டால் எரியும்; சில வாரங்களில் விரல் நுனி காய்த்துவிடும். பிறகு வலி இல்லை. இந்தப் பாடம் எந்தத் தேர்வுக்கு உதவாது?

பாடு என்றால் நம் ஊரில் முறை. பாடு என்றால் துன்பம் என்றும் பொருள். நம் தாய்மார் படாத பாடா? அவர்கள் பட்ட பாட்டில் வாங்கிய கருவி அது. பாடு என்றால் 'பாடுவாயாக' என்றும் பொருள். இம்மூன்றும் ஒரே சொல்லாக இருப்பதை எண்ணி எண்ணி நாங்கள் வியக்கிறோம்.

எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! நீங்கள் சாவியை வைத்திருப்பது எங்கள் மீதுள்ள அக்கறையால் என்பதை அறிவோம். அந்தச் சாவியை ஒரே அடியாகத் தர வேண்டாம். ஒரு பருவத்துக்குப் பாடு முறையைச் சோதித்துப் பாருங்கள். தவறினால் பூட்டிவிடுங்கள், மறுபேச்சுப் பேச மாட்டோம்.

வருகிற செப்டம்பர் 8 ஆம் நாள் பழைய மாணவியராக நாங்கள் திருவிழாவுக்கு வருவோம். அன்று கிதார் யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால், எங்களுக்கு ஒரே ஓர் ஆசைதான். அக்டோபரில் அழுத அந்தத் தங்கை, அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளையாக முன்வரிசையில் நின்று மீட்ட வேண்டும். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் தாயார் கேட்க வேண்டும்.